வளவு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பூஜை லீவு

வெள்ளி

அம்மா: மக்களே, யார் யார் என்றைக்கு வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள், புட்டுமாவு இடிக்கக் கொடுக்க வேண்டும். தேங்காய் வெட்ட அப்பா ஆள் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வளவில் ஓடி நடக்கும்போது மேலே காய்ந்த நெற்று ஒன்றும் நிற்கக் கூடாது.

அக்கா: எங்களுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று அம்மா. நாளைக் காலையிலேயே பிள்ளைகளோடு குலசேகரத்தில் இருந்து கிளம்பிவிடுவேன்.

நான்: எங்களுக்குக் கேரளத்தில், பாறசாலைப் பக்கம் பூஜைக்கு மட்டும்தான் லீவு. அம்முவுக்கு அங்கன்வாடிதானே, அவளை முன்னாடியே கூட்டிக்கொண்டு நான் வந்துவிடுகிறேன், அவர் பூஜை அன்றைக்கு வருவார்.

மைனி (அண்ணன் மனைவி): நானும் குட்டனும் சின்னவளும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் அத்தை, அவருக்கு லீவு இல்லை. ஒரு சின்ன விஷயம். குட்டனுக்கு எல்கேஜியில் லீவு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். ஏபிசிடி முழுவதும், அப்புறம் 1 முதல் 50 வரை, தினமும் இரண்டு பக்கம். முன் அறையில் ஒரு மேஜை ஒதுக்கித் தந்தால் காலையில் உட்கார வைத்து முடித்துவிடுவேன்.

அக்கா: நாலு வயசுப் பிள்ளைக்கு லீவில் தினம் இரண்டு பக்கமா? வேண்டாம் மைனி, அவனைச் சும்மா விடுங்கள்.

அண்ணன்: அக்கா, இப்போது விட்டால் யூகேஜியில் திணறுவான். அவன் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஐம்பது வரை எழுதுகிறார்கள். விளையாட்டு சாயங்காலம் விளையாடிக் கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது.

அக்கா: தம்பி, என் கிளாஸுக்கு ஒன்றாம் வகுப்பில் வருகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். நூறு வரை கோடு மாறாமல் எழுதுகிற பிள்ளை இருக்கும், ஏழு பென்சில் எடுத்து வா மக்களே என்றால் கை கொண்ட மட்டும் அள்ளிக்கொண்டு வந்து நிற்கும், அதற்கு ஏழு என்பது ஒரு வளைவான கோடு, அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொன்று இருக்கும், எழுத வராது, ஆனால் வீட்டில் ஆச்சியோடு உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணி விளையாடி வளர்ந்த பிள்ளை, ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு எண்ணி எடுத்து வரும், அந்தப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க எனக்கு அதிக நாள் பிடிக்காது. நாங்களே 2022இல் இருந்து அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் என்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, கதை, பொம்மை, செயல்பாடு என்றுதான் நடத்துகிறோம். எட்டு வயசுப் பிள்ளைக்கே அது தேவைப்படுகிறது என்றால் நாலு வயசுக்கு நோட்டு எதற்கு?

அத்தை (அப்பா கூடப் பிறந்தவர்): மருமகனே, நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், கையைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்பு உண்டு. நாலு வயசில் எக்ஸ்ரே எடுத்தால் அதில் சிலதுதான் தெரியும், மீதி இன்னும் குருத்தெலும்பாகவே கிடக்கும். அந்தக் கையில் பென்சிலை இறுக்கிப் பிடித்து இரண்டு பக்கம் எழுது என்றால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு எழுதும், நாலாவது வரியில் அழும். மாவு பிசையட்டும், ஈர்க்கில் கிழிக்கட்டும், பயறு உரிக்கட்டும், விரலுக்குப் பலம் தானாக வரும்.

அண்ணன்: சரி அத்தை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே.

அம்மா: அதை வந்து பேசிக் கொள்ளலாம். மேஜை எல்லாம் ஒதுக்க இடம் இல்லை, அதில் வாழைக்குலை பழுக்க வைத்திருக்கிறேன்.

ஞாயிறு

நான்: அண்ணா, அத்தை, இங்கே நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வீடியோ அனுப்புகிறேன், நெட் இழுக்கிறது.

நான்: வீடியோ போகவில்லை, எழுதியே சொல்லிவிடுகிறேன். நவராத்திரிக்கு முன்னால் நம் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளினார்களே, அதைப் பிள்ளைகள் வளவில் நடத்துகிறார்கள். அக்காவின் பெரியவள் தக்கலையில் புறப்பாட்டைப் பார்த்தவள். அம்மு பாறசாலையில் ரோட்டோரம் நின்று யானை வருவதைப் பார்த்தவள். ஆக இவளுக்கு முதல் பாதி தெரியும், அவளுக்குப் பின் பாதி தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துதான் முழுசாக்க முடியும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாமா: வெள்ளிக் குதிரை யார்?

நான்: குதிரைக்குக் காய்ந்த தென்னை மட்டை மாமா, பூஜைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளித்தாளை அம்மாவிடம் கேட்டு அதில் சுற்றியிருக்கிறார்கள். பல்லக்குக்கு அப்பாவின் பலகை. தலைக்குப் பிலா இலையை ஈர்க்கிலால் தைத்த தொப்பி. யானைக்குத்தான் சண்டை வந்தது, குட்டனும் அம்முவும் இரண்டு பேரும் யானை. பெரியவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யானைக்கு நாலு கால் வேண்டும், முன்கால் ஒருத்தர் பின்கால் ஒருத்தர் என்றாள். சண்டை தீர்ந்தது. நாங்கள் யாரும் இடையில் போகவே இல்லை.

மைனி: குட்டன் கொஞ்ச நேரத்தில் யானையை விட்டுப் போலீஸ் ஆகிவிட்டான். மண்ணில் கம்பால் ஒரு கோடு போட்டு அதுதான் களியக்காவிளை என்றார்கள், அம்மன் எல்லை தாண்டும்போது கேரளப் போலீஸ் சல்யூட் அடிக்க வேண்டுமாம். நெற்றியில் கை வைத்து நின்றான், ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. வீட்டில் சாப்பிட ஒரு இடத்தில் உட்கார மாட்டான்.

அக்கா: மைனி, இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரஷ்யாவில் சின்னப் பிள்ளைகளை அசையாமல் நில் என்று வெறுமனே சொல்லிப் பார்த்தார்கள், காவலாளியாக விளையாடச் சொல்லியும் பார்த்தார்கள். காவலாளி ஆனபோது பிள்ளைகள் அதைவிட நெடுநேரம் நின்றார்கள். வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர் (1934இல் இறந்துவிட்டார்) இதற்கெல்லாம் முன்னாலேயே எழுதி வைத்தது இன்னும் முக்கியம். கம்பைக் குதிரை என்று வைத்து ஓட்டுகிற பிள்ளைக்கு ஒன்று வேறொன்றாக நிற்கும் என்பது பிடிபட்டுவிட்டது. எழுத்தும் அதுதானே, 'அ' என்ற கோடு ஒரு சத்தத்துக்காக நிற்கிறது. தம்பி, நீ நோட்டில் எதைக் கேட்கிறாயோ அதற்கு அடிப்படை அந்தத் தென்னை மட்டையில்தான் இருக்கிறது. நான் உண்மையாகவே சொல்கிறேன்.

அண்ணன்: வீடியோவை எப்படியாவது அனுப்பு பிள்ளே. சல்யூட் அடித்ததைப் பார்க்க வேண்டும்.

திங்கள்

அம்மா: மழை பிடித்துக்கொண்டது. அரங்கில் இருந்து பல்லாங்குழி எடுத்துக் கொடுத்தேன், என் அம்மா வைத்திருந்தது. குன்னிமுத்தும் (குன்றிமணி) ஒரு டப்பா இருக்கிறது, நல்ல சிவப்பு.

அத்தை: மைனி, குன்னிமுத்து வேண்டவே வேண்டாம், இப்போதே எடுத்து உயரத்தில் வையுங்கள். கறுப்புக் கண் வைத்த விதைதானே? உள்ளே கொடிய விஷம். முழுசாக விழுங்கினால் ஓடு கட்டியாக இருப்பதால் அப்படியே வெளியே போய்விடலாம், கடித்தாலோ துளை போட்டதாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருக்கிற மஞ்சாடி வேறு, இது வேறு. புளியங்கொட்டை கொடுங்கள். சின்னவளுக்கு ஒன்றரை வயசுதானே, அவளுக்கு அதுவும் ஆகாது, மூக்கில் போட்டுக் கொள்ளும், தொண்டையில் அடைக்கும். அவளுக்குச் சிரட்டையும் மர அகப்பையும் போதும்.

அம்மா: டப்பாவை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். புளியங்கொட்டை கழுவிக் கொடுத்தாயிற்று.

மைனி: குலசேகரத்து மைனி இன்றைக்குக் குட்டனிடம் ஒன்று செய்து காட்டினார்கள், எனக்கு மனசு விட்டே போகவில்லை. ஆறு கொட்டை ஒரு வரிசை, கீழே ஆறு கொட்டை ஒரு வரிசை, நேருக்கு நேர். இரண்டும் ஒன்றுபோலவா என்று கேட்டால் ஆமாம் என்றான். அவன் கண்முன்னாலேயே கீழ் வரிசையைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பினார்கள். இப்போது கீழேதான் நிறைய என்கிறான்! ஐம்பது வரை எழுதுகிற பிள்ளை.

அக்கா: பயப்படாதீர்கள், அந்த வயசில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஸ்விட்சர்லாந்தில் பியாஜே இதைச் செய்து பார்த்துத்தான் உலகத்துக்கே சொன்னார். ஆறு ஏழு வயசு வாக்கில் தானாகத் தெளியும். திருத்திச் சொல்லிக் கொடுத்தால் வாய் மட்டும் மாறும். கையால் கூட்டி, பரப்பி, எண்ணி, திரும்பக் கூட்டி விளையாடி விளையாடித்தான் அது உள்ளே இறங்கும்.

நான்: பல்லாங்குழியில் நடந்ததையும் சொல்லு அக்கா.

அக்கா: ஆமாம், அது அழகு. ஏழு குழி ஒரு பக்கம், ஏழு குழி மறுபக்கம், குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒன்றுக்கு ஒன்று என்கிற கணக்கு விரலுக்கே வந்துவிடும். குழியில் நாலு சேர்ந்தால் பசு, எடுத்துக் கொள்ளலாம் இல்லையா. குட்டனுக்கு முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் எண்ணாமலே பார்த்த பார்வையில் "பசு! பசு!" என்று அம்மாவுக்கு முன்னால் கை வைக்கிறான். நாலை நாலாகக் கண்ணால் பிடிக்கிற அந்தத் திறமைதான் பின்னால் கூட்டலுக்கு அஸ்திவாரம். ஒரு நாள் மழையில் வந்துவிட்டது.

அண்ணன்: டிவி போடச் சொல்லிக் கேட்கவில்லையா?

மைனி: ஒரு தடவை கேட்டான். அவன் ஆச்சி, மரச்சீனி உரிக்க வா என்று கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அத்தை: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் அதுதான். மூன்று நாலு வயசுப் பிள்ளைக்கு உட்கார்ந்து ஸ்கிரீன் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓடியாடுவது மூன்று மணி நேரமாவது வேண்டும். வளவு வீட்டில் மூன்று மணி நேரம் எல்லாம் காலை பத்துக்குள் ஆகிவிடும்.

செவ்வாய்

அம்மா: இன்றைக்கு சாயங்காலம் பூஜை வைப்பு. எல்லாப் பிள்ளைகளின் புத்தகமும் கொண்டு வரட்டும். விஜயதசமி காலையில் எடுப்பதுவரை யாரும் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது.

மைனி: குட்டனின் வீட்டுப்பாட நோட்டும் வைத்துவிட்டோம் அத்தை, சந்தனம் தொட்டு அவனே வைத்தான்.

அண்ணன்: நோட்டு அங்கேயே இருக்கட்டும். லீவு முடிந்து மிஸ்ஸிடம் நான் பேசிக் கொள்கிறேன். என்ன எழுதிக் கொடுப்பது என்று அக்கா சொல்லட்டும்.

அக்கா: நேராகவே எழுது. கைக்குப் பாரம் என்பதால் இரண்டு பக்கம் எழுத வைக்கவில்லை, பதிலுக்கு என்னென்ன செய்தான் என்று எழுது: புளியங்கொட்டை எண்ணினான், ஓலையில் காத்தாடி செய்தான், மண்ணில் படம் போட்டான், ஊர்வலக் கதையை வரிசை மாறாமல் சொன்னான். பொதுவாக மூன்று வயசில் வட்டம் பார்த்துப் போடுவார்கள், நாலு வயசில் கூட்டல் குறி, அஞ்சு வாக்கில் முக்கோணம். குட்டன் கூட்டல் குறி நன்றாகப் போடுகிறான், முக்கோணம் இன்னும் கோணுகிறது, அந்த வயசுக்குச் சரியாகத்தான் இருக்கிறான். அந்த மிஸ்ஸுக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும், மரியாதையாகவே எழுது.

நான்: அம்மா, அம்முவுக்கு விஜயதசமி அன்றைக்கு எழுத்து தொடங்க வேண்டும் என்றீர்களே. எனக்கு ஒரு பயம்தான். எங்கள் பக்கம் கோயிலில் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்ததும் பிள்ளைகள் வீரிட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு எழுத்து என்றாலே அழுகை என்று மனசில் பதிந்துவிடக் கூடாது.

அம்மா: கோயிலுக்கு எதற்கு மக்களே, வீட்டிலேயே உன் அப்பா மடியில் உட்கார வைத்துச் செய்யலாம். உனக்கும் உங்கள் பாட்டாதான் செய்தார். உருளியில் பச்சரிசி, அதில் விரலைப் பிடித்து ஹரிஸ்ரீ. நாக்கில் மோதிரத்தால் எழுதுவது ஒரு நொடி. அதற்கு முன்னால் இரண்டு நாளும் அவள் உருளி அரிசியில் கை விட்டு அளையட்டும், கோடு போடட்டும், அழிக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும்.

மாமா: நல்ல யோசனை. கேரளத்தில் சில சர்ச்சுகளிலும் இப்போது அன்றைக்குப் பிள்ளைகளுக்கு எழுத்து தொடங்குகிறார்கள், எழுத்தச்சன் பிறந்த இடமான துஞ்சன் பறம்பில் கூட்டம் சொல்லி முடியாது. நம் வீட்டில் ஐந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால் அதுவே கூட்டம்.

அக்கா: ஒன்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள், அவள் விரலை இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டாம், சரியாக வரவில்லை என்று யாரும் சொல்லவும் வேண்டாம். அரிசியில் எழுதியதைத் தட்டினால் அழிந்துவிடும், திரும்பப் போடலாம், பிள்ளைக்கு அதுதான் தைரியம். நோட்டில் அது கிடையாது.

நான்: அப்படியானால் சரி. அவருக்கும் சொல்லிவிடுகிறேன், காலையிலேயே வந்துவிடுவார்.

அண்ணன்: நானும் அன்றைக்கு லீவு போட்டாயிற்று, வழியில் ஏறிக் கொள்கிறீர்களா அத்தை, மாமா என்று கேட்க முடியாது, குழித்துறை எனக்கு எதிர்ப்பக்கம். நீங்கள் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், திரும்பும்போது கொண்டு விடுகிறேன்.

அத்தை: வந்துவிடுகிறோம். கொஞ்சம் மஞ்சாடி எடுத்து வருகிறேன், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

மைனி: குட்டன் அப்பா, நீங்கள் வரும்போது குட்டனின் பழைய டிரவுசர் எல்லாம் எடுத்து வாருங்கள், அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கும். களியக்காவிளைக் கோடு மழையில் சேறாகிவிட்டது, கொண்டு வந்தது ஒன்றும் மிச்சம் இல்லை.