கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடுகிறது, தீட்டி அரைக்கலாமா?

கரிசல்காடு:
கோவில்பட்டிப் பக்கம் மகளிர் குழுவாக மானாவாரிக் கம்பை வாங்கி மாவு அரைத்து விற்கிறோம். சில நாட்களிலேயே சிக்கு வாடை வந்து, கசந்து, கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிவிடுகிறார். தவிட்டை நன்றாகத் தீட்டிவிட்டால் நாள் தாங்கும் என்கிறார் மில்காரர். செய்யலாமா? மாவு கெடாமல் நின்றால்தான் விவசாயிக்கு நல்ல விலை தரமுடியும், இல்லையென்றால் அடுத்த வருஷம் எல்லாரும் மக்காச்சோளத்துக்குப் போய்விடுவார்கள்.

உணவியல் மாணவி:
அக்கா, தயவுசெய்து அதிகம் தீட்டாதீர்கள். கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம், அரிசி கோதுமையை விட அதிகம், பெரும்பகுதி முளைக்கருவில் இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, அரைத்ததும் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்போடு கலந்து அதை உடைக்க ஆரம்பித்துவிடும், கசப்பு அங்கிருந்துதான். கருவையும் தவிட்டையும் எடுத்தால் கசப்பு குறையும், ஆனால் இரும்புச்சத்திலும் ஒரு பங்கு கூடவே போகும். இரும்புச்சத்துக்காகவே உருவாக்கி 2014-ல் வெளியிட்ட தனசக்தி கம்பை விதைத்துவிட்டு, அதை மில்லில் தீட்டித் தள்ளினால் அந்த உழைப்புக்கு என்ன அர்த்தம்? நொதியைச் சூட்டால் அடக்கலாம். முழுக் கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் போல முக்கி எடுத்து, உலர்த்தி, அப்புறம் அரையுங்கள்.

மாவுமில்:
முறை சரி, ஆனால் உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் கொஞ்சம் நின்றாலும் பூஞ்சை பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வெயிலை நம்பி இறங்கவேண்டாம். மழைக்காலத்தில் வறுத்து அரைக்கலாம், நிறமும் ருசியும் மாறும் என்பதால் கஞ்சி மாவுக்குத்தான் பொருந்தும். உலர்த்தும் இயந்திரம் வாங்கும் முன் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மில் கேட்டுப் பாருங்கள், சிறுதானியப் பதப்படுத்தலில் அவர்களுக்கு அனுபவம் உண்டு.

விதைப்பை:
மில்லில் தீர்ப்பதை விதையிலேயே தீர்க்கவும் முயற்சி நடக்கிறது. லைபேஸ் மரபணு செயலிழந்த கம்பு வகைகளில் மாவு மெதுவாகத்தான் கெடுகிறது என்று 2022-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது, ஹைதராபாத்தில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டுக்கும் அதில் பங்குண்டு. அந்தக் குணம் நம் மானாவாரி ரகங்களுக்கு வந்து சேர்ந்தால் உங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்குத்தான் முதல் லாபம், பெரிய கம்பெனியிடம் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது.

கரிசல்காடு:
நன்றி. தீட்டப்போவதில்லை. ஒரு மூட்டையைப் பிரித்து, பாதியை முக்கி உலர்த்தியும் பாதியை அப்படியேயும் அரைத்து, ஒரே தேதி போட்டு வைக்கிறோம். வாடை எதில் முதலில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.