காட்டுக் காளான் வித்தியில (விதை மாதிரியான தூளில) இருந்து சுத்தமான கல்ச்சர் (வேற கிருமி கலக்காத காளான் இழை) எடுக்கிறது எப்பிடி?

முறிகண்டிக்காரன்:
வணக்கம். மாரி தொடங்கின கையோட எங்கட வளவில பட்டுப்போன மாங்குத்தி ஒண்டில சிப்பிக்காளான் மாதிரிக் கொத்துக் கொத்தாப் பூத்தது, ஒரு குடையை ஃபொயில் பேப்பரில இரவு கவிழ்த்து வச்சு வித்தித் தூள் எடுத்து வச்சிருக்கிறன். உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20, அகர் (கடற்பாசியில வாற ஜெலித் தூள்) 20, தண்ணி ஒரு லீற்றர் எண்ட வழமையான அளவிலதான் இழை வளர்க்கிற ஜெலியைக் காய்ச்சி மூடியுள்ள சின்னத் தட்டில (பிளேட்) ஊத்தினனான், தூளைச் சுரண்டிப் போட்டா வெள்ளை இழை வாறதுக்கு முதலே பச்சைப் பூஞ்சணமும் சளி மாதிரி ஒண்டும் பிளேட்டை மூடிடுது. கடையில காளான் வித்து (இழை ஓடின தானியம்) வாங்கலாம்தான், ஆனா எங்கட வெக்கையில தானா வளர்ந்த இனத்தை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

வவுனியாப் பொடியன்:
முதல்ல ஒண்டும் போடாத வெறும் பிளேட் ஒண்டை நாலைஞ்சு நாள் வச்சுப் பாருங்கோ அண்ணை, அது சுத்தமா இருந்தா உங்கட காய்ச்சின விதத்தில பிழை இல்லை, அழுக்கு தூளோடதான் வருது. வெளியில பூத்த குடையில பக்டீரியாவும் ட்ரைக்கோடேர்மா எண்ட பச்சைப் பூஞ்சணமும் இல்லாமல் இராது. சுரண்டிக் கொட்டிறதுதான் பிரச்சினை, எல்லாம் ஒரே இடத்தில குவிஞ்சா எதையும் பிரிச்செடுக்க ஏலாது. நெருப்பில காட்டி ஆறின ஊசி நுனியால தூளைச் சும்மா தொட்டு, கிருமி நீக்கின 10 மில்லிலீற்றர் தண்ணியில கலக்குங்கோ, அதில 1 மில்லி எடுத்து இன்னொரு 9 மில்லித் தண்ணியில, பிறகு அதில இருந்து இன்னொண்டில, இப்பிடி ஐதாக்கிக்கொண்டு போய் ஒவ்வொண்டிலயும் ஒரு துளியைத் தனித்தனிப் பிளேட்டில பரப்புங்கோ. முதல் பிளேட்டுக்கு சீனியும் கிழங்கும் வேண்டாம், தண்ணியும் அகரும் மட்டும் காணும், சாப்பாடு இல்லாட்டிப் பூஞ்சணம் அவ்வளவு வேகமாக் கிளம்பாது. லென்ஸால பார்த்து மெல்லிய இழை ஓடுறது தெரிஞ்ச உடனேயே அதின்ர வெளி நுனியில அரிசி மணியளவு வெட்டிப் புதுப் பிளேட்டுக்கு மாத்துங்கோ, பெரிசா வளரட்டும் எண்டு காத்திருக்கக் கூடாது. பச்சை நிறம் வந்திட்டா அது வித்தி போட்டு முடிச்சிட்டுது எண்டு அர்த்தம், திறந்தா இடம் முழுக்கப் பறக்கும், அப்பிடியே மூடி குக்கரில போட்டு அவிச்சுப்போட்டு எறியுங்கோ.

சளி மாதிரி வாறது பக்டீரியா, அதுக்கு வெட்டின துண்டைப் புது அகருக்கு மேல வைக்காமல் அகரைக் கொஞ்சம் கிளப்பி அடியில செருகுங்கோ. இழை அகருக்குள்ளால ஊடுருவி மேல வரும், பக்டீரியாவில கனக்க அடியில நிண்டிடும். அன்டிபயோட்டிக் பக்டீரியாவை மட்டும்தான் அடக்கும், பச்சைக்கு அது உதவாது.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, குத்தி இன்னும் கிடக்குதெண்டா வித்தியோட ஏன் மினக்கெடுறீங்கள்? அடுத்த மழைக்குப் பூக்கிற இளம் காளானைக் கையால கிழிச்சு, வெளிக்காத்துப் படாத உள்சதையில ஒரு துண்டு அகரில வச்சா அந்தக் காளானே அப்பிடியே வரும். வித்தியில இருந்து வாற ஒவ்வொண்டும் வேற வேற பிள்ளை, அதோட சிப்பிக்காளானில தனி ஒரு வித்தியில வந்த இழை தனிய நிண்டு பூக்காது, பொருத்தமான இன்னொண்டோட சேர வேணும். அதால ஐதாக்கிப் பிரிச்சாலும் கடைசியில ரெண்டு மூண்டு சுத்தமான இழையை ஒரே பிளேட்டில கிட்டக் கிட்ட வச்சுச் சேர விடுங்கோ.

இன்னொண்டு, அந்தத் தூள் என்ன நிறம்? சிப்பிக்காளானுக்கு வெள்ளை, இல்லாட்டி மெல்லிய ஊதா கலந்த சாம்பல். பச்சையா விழுந்தா அது புல்லுக்கை வாற நஞ்சுக்காளான், வயித்தைப் புரட்டி எடுத்திடும். ஆனா வெள்ளை எண்டதை மட்டும் வச்சும் முடிவெடுக்காதேங்கோ, நஞ்சுள்ளதிலயும் வெள்ளைத் தூள் இருக்கு. சாப்பிட முதல் முழுக் காளானை கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குக் கொண்டுபோய் யாரும் தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டுங்கோ.

முறிகண்டிக்காரன்:
தூள் வெள்ளைதான் அக்கா. குத்தியை நனைச்சு நிழலில இழுத்துப் போட்டிருக்கிறன், ரெண்டு வழியையும் பாக்கிறன். வைக்கல்லயும் கறையான் புத்திலயும் வாறதையும் இப்பிடி எடுத்து பிறிட்ஜில வைக்கலாமோ?

வவுனியாப் பொடியன்:
புத்துக்காளான் அகரில மெதுவா வளரும், ஆனா கறையானோட சேர்ந்து வாழுற சாதி, பையில பூக்க வைக்க ஏலாது, அதைப் பிடுங்கிக் கறி வைக்கிறதுதான் சரி. வைக்கல் காளானை எடுக்கலாம், 30 பாகைக்கு மேல நல்லா ஓடும், எங்கட இடத்துக்கு ஏத்தது. ஆனா அந்தக் கல்ச்சரை பிறிட்ஜில வச்சா செத்துப்போகும், வெளியிலயே குளிர்ச்சியான மூலையில வச்சு அடிக்கடி புது அகருக்கு மாத்துங்கோ. சிப்பிக்காளானில கனக்க இனத்தைப் பிறிட்ஜில வைக்கலாம், இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான் மட்டும் குளிர் தாங்காது.