நாற்றத்தைப் பிடிக்கும் உப்புக்கு என்ன பேர் வைப்பது?

காரைக்குடி ஆசிரியை:
வேதியியல் மன்றக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது. டியோடரண்டில் சேர்க்கும் ஜிங்க் ரிசினோலியேட்டில் வந்து நிற்கிறேன். விளக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் துத்தநாக உப்பு இது. வியர்வையை அடைக்காது, வாசனை பூசி மறைக்காது. கந்தகமும் நைட்ரஜனும் உள்ள நாற்ற மூலக்கூறுகளைத் துத்தநாகம் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ‘நாற்ற நடுநிலையாக்கி’ என்று எழுதினால் பிள்ளைகள் அமில-கார வினை என்று நினைக்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

தேவகோட்டைத் தமிழாசிரியர் (ஓய்வு):
ஆச்சி, ‘நாற்றம்’ முதலில் வேண்டாம். குறளில் மொட்டுக்குள் இருக்கும் நறுமணமும் நாற்றம்தான். கெட்டதற்கு ‘முடை’ இருக்கிறது. ‘முடைமுறி’ என்க. உப்புக்கு ‘நாகவாமணக்கம்’. துத்தம் வடசொல், சித்தர்கள் நாகம் என்றார்கள். ஆமணக்கிலேயே ‘மணக்கு’ இருப்பதைப் பாருங்கள். ‘ஆ’ எதிர்மறை, மணக்காதது என்று பிரிக்க இடமுண்டு.

கோனாபட்டு சித்த மருத்துவர்:
ஐயா, எதிர்மறை ஆகாரம் பகுதிக்குப் பின்னால்தானே வரும்? உண்ணா, வாரா. முன்னால் எப்படிக் குதித்தது? அப்புறம் நாகம்: எங்களுக்குத் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் காரீயம். அக்குளில் தடவுகிற பொருளில் அந்தக் குழப்பம் ஆகாது. ஆமணக்கின் அறிவியல் பேர் ‘ரிசினஸ்’, லத்தீனில் உண்ணி. ஆமணக்கு விதையான முத்துக்கொட்டையின் வரியும் முனையில் உள்ள கொண்டையும் மாட்டு உண்ணியேதான். அதற்காக ‘உண்ணியம்’ என்று வைப்போமா? ‘துத்தநாக ரிசினோலியேட்’ போதும்.

பள்ளத்தூர்க்காரர்:
எங்கள் பக்கம் முடை என்றால் பணமுடைதான். ‘வாடைபிடிப்பான்’ என்று போடுங்கள், கடைக்காரருக்கும் புரியும்.

தேவகோட்டை:
சங்கப் பாட்டில் வாடை வடகாற்று. தலைவியை வாட்டுகிற காற்றை அக்குளில் கொண்டுவந்து வைக்கிறீர்களே!

காரைக்குடி:
மீன் ஆய்ந்த கையில் அடிப்பது வடகாற்றா ஐயா? அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சரி, பொருளுக்குத் துத்தநாக ரிசினோலியேட், வேலைக்கு வாடைபிடிப்பான். மருத்துவரும் பள்ளத்தூராரும் ஒத்துக்கொண்டார்கள். அனுப்புகிறேன்.

தேவகோட்டை:
அனுப்புங்கள். அடிக்குறிப்பில் ‘முடைமுறி’யும் இருக்கட்டும். இன்னொன்று: ‘பிடிப்பான்’ ஆண்பால், அதுவும் எதிர்காலம். இன்றைக்குப் பிடிக்காதா அது?