சென்னையின் எஃப்.சி. கால்பந்து ஆட்டத்துக்கு ஊர்க்காரர்கள் ஏன் வருவதில்லை?

அயனாவரம் பாலா:
பத்து வயது மகனை நேரு ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் வரிசையில் நாங்கள் இருவர் மட்டும். கோல் விழுந்ததும் எழுந்து கத்தியவன், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு உட்கார்ந்துவிட்டான். இரண்டு முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற அணிக்கு இவ்வளவு பெரிய ஊரில் ஏன் ஆள் சேரவில்லை? 'சென்னைக்குக் கிரிக்கெட் போதும்' என்ற பதில் வேண்டாம். அதை என் மைத்துனரே சொல்லிவிட்டார்.

தாம்பரத்தான்:
அங்கே ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை. எதிர்ப்பக்கத்து கோலைப் பார்க்க டிவியே மேல். வேலைநாளில் 7:30 மணி ஆட்டம் என்றால் நான் வீடு சேர பதினொன்று ஆகிறது.

கொச்சியில் வேலை:
இங்கே கொச்சியின் கலூர் மைதானத்தில் கிரிக்கெட்டும் நடந்திருக்கிறது, அங்கும் ஆடுகளம் தள்ளித்தான் இருக்கிறது. ஐ.எஸ்.எல். இறுதியில் மூன்று முறை தோற்ற கேரளா பிளாஸ்டர்ஸுக்கு மஞ்சள் சட்டைக் கூட்டம் குறைவா என்ன? ஓட்டப்பாதைமேல் பழி போடாதீர்கள்.

வியாசர்பாடி பழைய கோல்கீப்பர்:
தம்பி பாலா, ஞாயிறு காலை எங்கள் மைதானத்துக்கு வாருங்கள், சுற்றுச்சுவரில் உட்கார இடம் இருக்காது. வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் கறிக்கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வருகிறவர்கூட உண்டு. ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

2018 மார்ச்சில், கோவாவோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். எங்கள் பேட்டையில் வளர்ந்த தன்பால் கணேஷ் சென்னையின் அணியின் நீலச் சட்டையில் ஆடினார். ஒரு குட்டியானை வண்டியில் பதினான்கு பேர் போனோம். 3-0. அதில் ஒன்று கணேஷ் போட்டது. மிசோரம்காரர் ஜேஜே இரண்டு போட்டார், மறுநாள் தெருவில் அதைப் பேச ஆளில்லை. திரும்பும்போது பேசின் பிரிட்ஜ் வரை ஒருவரும் உட்காரவில்லை. அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் மக்கிக் கிடக்கிறது.

கோப்பைகளின் கதையும் கேளுங்கள். 2015 இறுதியாட்டம் கோவாவில். அந்த வெள்ளத்தால் அரையிறுதியில் நம் ஊரில் நடக்க வேண்டிய ஆட்டமே புனேவுக்குப் போனது. 2018 இறுதி பெங்களூரில். 2020 இறுதி மறுபடி கோவாவில், கொரோனாவுக்காக ஆளில்லாத மைதானத்தில். தோற்றதைக்கூட நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த இரண்டு சீசனும் முழுதாகக் கோவாதான். இந்த அணி கோப்பையைத் தூக்கியதைச் சென்னை மண்ணில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காததை அப்பன் பிள்ளைக்கு எப்படிச் சொல்வான்?

2023 ஆகஸ்ட், டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு எதிராக அதே ஊர் ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார். கொல்கத்தா எந்தத் திசை என்று தெரியாதவர்களெல்லாம் எங்கள் டீக்கடையில் விசில் அடித்தார்கள். நம் பிள்ளை எந்தச் சட்டை போட்டாலும் எங்களுக்கு அதுதான் அணி.

கொச்சியில் வேலை:
பிளாஸ்டர்ஸில் எல்லோரும் மலையாளிகளா?

வியாசர்பாடி பழைய கோல்கீப்பர்:
இல்லை. ஆனால் அங்கே கூட்டம் முதலில் வந்துவிட்டது. இங்கே கூப்பிட்டுத்தான் வரவேண்டும். டிக்கெட் விற்கிற மேசை ஒன்றை எங்கள் மைதானத்து வாசலில் போட்டுப் பார்க்கட்டும்.

அயனாவரம் பாலா:
அண்ணா, ஞாயிறு எத்தனை மணிக்கு? மகன் கேட்கிறான்.

வியாசர்பாடி பழைய கோல்கீப்பர்:
ஆறரைக்கு. சுவரில் இடம் வேண்டுமானால் ஆறுக்கே வந்துவிடுங்கள்.