ரெய்டு 1: ஒரு வட்டு போனாலும் சர்வர் எழுமா என்று சோதிப்பது எப்படி?

கேள்வி:
லினக்ஸ் சர்வரில் இரு வட்டுகளை மென்பொருள் ரெய்டு 1 முறையில் (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை) இணைத்திருக்கிறேன். ஓடும்போதே ஒன்றை உருவிப் பார்க்கலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். முதலில் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். பிறகு இரு வட்டுகளையும் முழுமையாகப் படித்து ஒப்பிடும் சரிபார்ப்பை ஓட்டுங்கள், ஏனெனில் எஞ்சப்போகும் வட்டில் படிக்க முடியாத செக்டர் (வட்டின் சிறு பகுதி) இருந்தால் அது மறுகட்டமைப்பின், அதாவது சேர்க்கும் வட்டுக்குத் தரவை நகலெடுப்பதன், நடுவில்தான் தெரியவரும். அதன்பின் எம்டிஏடிஎம் (லினக்ஸில் மென்பொருள் ரெய்டை நிர்வகிக்கும் கருவி) கட்டளையால் ஒன்றைப் பழுதென்று குறித்து நீக்குங்கள்.

மறுமொழி 2:
அது பாதிச் சோதனைதான். சர்வரை நிறுத்தி, எந்த வட்டு என்பதை அதன்மேல் உள்ள வரிசை எண்ணால் உறுதிசெய்து, முதல் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். எனக்கு அப்போது கறுப்புத் திரைதான் வந்தது. கிரப் (கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) ஒரே வட்டில் மட்டும் இருந்தது.

கேட்டவர்:
எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. இரண்டாம் வட்டிலும் கிரப்பை நிறுவியபின் எழுந்தது. இப்போது கழற்றியதைச் சேர்த்திருக்கிறேன்.

மறுமொழி 1:
ஒத்திசைவு (சேர்த்த வட்டுக்குத் தரவு நகலாவது) முடியும்வரை மற்றதைத் தொடாதீர்கள்.