கஷ்டம்தான் ஆளை உருவாக்குகிறதா? மகனுக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்துப் பார்க்கலாமா?

பழைய சைக்கிள்:
என் மகனுக்கு 15 வயது. கெட்ட பையன் இல்லை. ஆனால் எதையும் பாதியில் விட்டுவிடுகிறான், சின்னதாக ஒன்று சரியாக வரவில்லை என்றாலும் முகம் தொங்கிப்போகிறது. அவன் வயதில் எனக்கு அப்பா இல்லை. காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை, நடுவில் பள்ளிக்கூடம். அன்றைக்கு அது நரகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொறுமை, சிக்கனம், யாரையும் நம்பி நிற்காத குணம் என்று இன்று என்னிடம் என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் அந்த ஐந்தாறு வருடங்கள் கொடுத்தவை. அந்த வருடங்களை எடுத்துவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்ச நாளாக ஒரு யோசனை: இவனுக்குக் கைச்செலவுப் பணத்தை நிறுத்திவிடலாம், வேண்டியதை அவனே சம்பாதித்து வாங்கட்டும், கொஞ்சம் அடிபடட்டும். மனைவி கடுமையாக எதிர்க்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? திட்டினாலும் பரவாயில்லை.

நேர்கோடு:
திட்ட என்ன இருக்கிறது, முழு ஆதரவு. எடை தாங்காத எலும்பு தேய்ந்துபோகும். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது, அதைத் தடுக்கத்தான் அங்கே தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வைக்கிறார்கள். மனசும் அப்படித்தான். பாரமே ஏற்றாமல் வளர்த்துவிட்டு, பின்னால் முதுகெலும்பில்லை என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

கடுகு:
எலும்பின் மேல் லாரி ஏறினாலும் அது பாரம்தான்.

மல்லிகைவேலி:
நானும் என் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே கஷ்டத்தில் வளர்ந்தோம். அப்பா ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுக் காணாமல் போனார், கடன்காரர்கள் வாசலில் வந்து கத்துவார்கள், அம்மா எங்களை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்ப் பேசுவாள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இன்று நன்றாக இருக்கிறேன். அவனுக்கு இப்போது 38 வயது, கதவை யாராவது வேகமாகத் தட்டினால் இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுவான். எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் "பட்ட கஷ்டம் உன்னைச் செதுக்கிவிட்டது" என்பார்கள். அவனைப் பார்த்து யாரும் "பட்ட கஷ்டம் இவனை இப்படி ஆக்கிவிட்டது" என்று சொல்லி நான் கேட்டதில்லை, "அவன் சுபாவமே அப்படி" என்றுதான் சொல்வார்கள். ஜெயித்தால் பெருமை கஷ்டத்துக்கு, தோற்றால் பழி அவனுக்கு. இது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நேர்கோடு:
உங்கள் தம்பியைப் பற்றிப் படிக்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரே நெருப்பில் ஒன்று கருகுகிறது, ஒன்று மின்னுகிறது என்றால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்றுதானே அர்த்தம்? புடம் போட்டால்தானே தங்கம் எது என்று தெரியும்?

கடுகு:
புடம் போடுவதால் தங்கம் உண்டாவதில்லை. ஏற்கெனவே தங்கமாக இருப்பதிலிருந்து அழுக்கு போகிறது, அவ்வளவுதான். "கஷ்டம் உருவாக்குகிறது" என்று ஆரம்பித்தீர்கள், இப்போது "கஷ்டம் காட்டிக்கொடுக்கிறது" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதுதான் உண்மை என்றால், பையனைக் கஷ்டப்படுத்தி அவர் செய்யப்போவது வளர்ப்பு இல்லை, பரீட்சை.

நடுநிசி:
"உள்ளே இருக்கும் சரக்கு" என்று இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட வேண்டாம். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பலதும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்திய குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் எல்லாவற்றையும் மீறி நல்லபடியாக வளர்ந்தார்கள். மேடைப் பேச்சாளர்கள் இந்த ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மீதி இரண்டு பங்கினர் 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ பெரிய சிக்கலில் மாட்டியிருந்தார்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். மீண்ட குழந்தைகளுக்கு இயல்பிலேயே சில சாதகங்கள் இருந்தன என்பதும் சரிதான், கலகலப்பான சுபாவம் அதில் ஒன்று. ஆனால் அவர்களில் பலருக்கு நிலையாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். மல்லிகைவேலி, உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பங்கினரிலும் பெரும்பாலானவர்கள் முப்பதுகளிலும் நாற்பதை ஒட்டியும் தேறி வந்தார்கள். அதற்குக் காரணமாக இருந்தவை புதிய கஷ்டங்கள் இல்லை, மறுபடி கிடைத்த படிப்பு, நல்ல துணை, நிலையான வேலை போன்றவை.

மல்லிகைவேலி:
எனக்கு ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் என்னை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தம்பிக்கு அப்படி யாரும் அமையவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

நேர்கோடு:
சரி, ஆராய்ச்சி என்று இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் பார்ப்போம். 2010ல் மார்க் சீரியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 2,398 பேரிடம் வாழ்நாளில் பட்ட கஷ்டங்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஓரளவு அடிபட்டவர்களின் மனநலம், ஒரு அடியும் படாதவர்களைவிடவும் மேலாக இருந்தது. நான் சொல்வதும் அதுதான். யாரும் பையனைத் தெருவில் விடச் சொல்லவில்லை, கொஞ்சம் உறைக்கட்டும் என்கிறோம்.

நடுநிசி:
அதே ஆய்வில் நிறைய அடிபட்டவர்களின் நிலை மோசமாக இருந்தது, அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், அதில் எண்ணப்பட்டவை நோய், சாவு, பேரிடர் மாதிரி தானாக வந்து விழுந்தவை. வீட்டில் பெரியவர் உட்கார்ந்து அளந்து ஊற்றியவை இல்லை. பெற்ற அப்பா வேண்டுமென்றே கொடுக்கிறார் என்று தெரிந்து படும் கஷ்டத்தின் கதையே வேறு.

எவ்வளவு கஷ்டம் என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1967ல் செலிக்மனும் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை (கொடுமையான சோதனை, இன்றைக்கு இப்படிச் செய்ய விடுவார்களா என்பது சந்தேகம்). இரண்டு குழு நாய்களுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒரு குழு தலையால் ஒரு பலகையை முட்டி அதை நிறுத்த முடியும், மற்றதால் எதுவும் செய்ய முடியாது. பிறகு வேறு இடத்தில் ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்று வைத்தபோது, முதல் குழு தாண்டிக் குதித்தது, இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. பட்ட வலி ஒன்றுதான், அதன்மேல் தனக்குப் பிடி இருந்ததா என்பதில்தான் வேறுபாடு. ஏறக்குறைய 50 வருடம் கழித்து, 2016ல், அதே இருவரும் தங்கள் கருத்தைத் திருப்பிப் போட்டார்கள்: முடங்கிப்போவது கற்றுக்கொண்டது இல்லை, நீண்ட வலிக்கு உடம்பு காட்டும் இயல்பான பதில் அதுதான், "இதை என்னால் மாற்ற முடியும்" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சைக்கிள் சார், நீங்கள் இரண்டு வேலை பார்த்தீர்கள். கூலி உங்கள் கையில் வந்தது. மல்லிகைவேலியின் தம்பி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இரண்டையும் கஷ்டம் என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம்.

பழைய சைக்கிள்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். முதல் கூலியை அம்மா கையில் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. அன்று நான் அழவில்லை, பெரிய மனிதனாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடம், அப்பா படுக்கையில் கிடந்த வருடம், அதிலிருந்து எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அதை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

கடுகு:
"யாரையும் நம்பி நிற்காத குணம்" என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது குணமா, தழும்பா? உங்கள் மனைவியிடம் கேட்டுப்பாருங்கள்.

நேர்கோடு:
தழும்பாகவே இருந்தாலும் அது அவருடைய தழும்பு, அதை வைத்துத்தான் அவர் நிற்கிறார். இங்கே எல்லோரும் கஷ்டத்தை நோய் மாதிரிப் பேசுகிறீர்கள். இடுக்கண் வந்தால் சிரி என்றுதானே வள்ளுவர் சொன்னார்?

கடுகு:
சொன்னார். அதே வள்ளுவர் வறுமையைப் பற்றித் தனியாக ஒரு அதிகாரம் எழுதி, நல்ல குடியில் பிறந்தவர் வாயிலும் இழிந்த சொல் பிறக்க வைக்கும் சோர்வை அது தரும் என்றும் சொன்னார், 1044வது குறள். முதலாவது கஷ்டத்தில் இருப்பவனுக்குச் சொன்ன தைரியம். கஷ்டம் நல்லது என்பதற்கான சான்றிதழாக அதை எடுத்துக்கொண்டால் எப்படி?

இன்னொன்று. பட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரியும் என்பார்கள். 2015ல் ரட்டன், மெக்டொனெல், நார்ட்கிரென் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். உறையவைக்கும் ஏரியில் குதிக்கும் நிகழ்ச்சி ஒன்று. குளிருக்குப் பயந்து குதிக்காமல் பின்வாங்கிய ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தபோது, இனிமேல்தான் குதிக்கப்போகிறவர்களைவிட, ஏற்கெனவே குதித்து முடித்தவர்கள் அவர்மேல் குறைவாகவே இரக்கம் காட்டினார்கள். வேலையில்லாமல் தவித்தவர்களை வைத்துச் செய்த சோதனையிலும் இதே கதை. தாண்டி வந்தவனுக்கு அது எவ்வளவு வலித்தது என்பது மறந்துவிடுகிறது, தாண்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "நான் தாங்கினேனே, உனக்கென்ன" என்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், இந்த விவாதத்திலேயே ஒருவர் இருக்கிறார்.

நேர்கோடு:
என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. சரி, நானும் சொல்லிவிடுகிறேன். 9 வயதிலிருந்து 17 வயது வரை ஒரு விடுதியில் வளர்ந்தேன், தினமும் அடி. அது என்னை வலுவாக்கவில்லை, சும்மா நடந்தது, அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று என்னை ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்களா? ஒப்புக்கொண்டுவிட்டு அந்த 8 வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நடுநிசி:
நீங்கள் எங்கேயும் கொண்டுபோய் வைக்க வேண்டாம். இதைக் கேட்டதற்குப் பிறகு ஆராய்ச்சி பேசத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது என்பதால் சொல்கிறேன். 2009ல் பாட்ரிசியா ஃப்ரேசியர் குழுவினர் கல்லூரி மாணவர்களை ஒரு அதிர்ச்சிச் சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். "இதனால் நான் வளர்ந்தேன்" என்று அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் அவர்களிடம் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை. இதை வைத்து அவர்களைப் பொய் சொன்னார்கள் என்பது முட்டாள்தனம். நடந்ததை ஒரு கதையாக அடுக்கினால்தான் மனிதனால் நடமாட முடிகிறது. உங்கள் கதை உங்களுக்கு வேண்டும், அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அதை இன்னொரு பையனுக்கு மருந்துச் சீட்டாக எழுதிக்கொடுக்கும்போதுதான் நான் குறுக்கே வருவேன்.

நேர்கோடு:
யோசிக்கிறேன். ஒப்புக்கொண்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

பழைய சைக்கிள்:
கடுகு சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். "காய்ச்சல் வந்தால்கூட என்னிடம் சொல்ல மாட்டீர்கள், மாத்திரை அட்டையைக் குப்பையில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பையனிடமும் பேசினேன். உனக்கு இதுவரை எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன், ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு. போன வருடம் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரே நாளில் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஆறு மாதம் பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் சொல்ல மாட்டீர்களே" என்றான்.

கைச்செலவுப் பணத்தைக் குறைக்கும் யோசனையை இன்னும் முழுசாக விடவில்லை, அது தனி. ஆனால் அவன் எதையும் பாதியில் விடுகிறான் என்று சொன்னேன் இல்லையா, அது எப்போதிலிருந்து என்று இப்போது மாதக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.