ஃப்ரீபிஎஸ்டி 13-இல் பழைய ஜிசிசியைக் காணோம்

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 9.3 பதிப்பு ஓடிய பெட்டியின் வட்டு போய்விட்டது, புதுப் பெட்டியில் 13 போட்டேன். வெப்பநிலையைப் பதியும் சி நிரல் ஒன்று, கம்பைல் செய்ய மேக் கட்டளை கொடுத்ததுமே ஜிசிசி கம்பைலர் இல்லை என்று நின்றுவிட்டது. மேக்ஃபைலில் சிசி என்று மாற்றினால் கிளாங் என்ற வேறு கம்பைலர் வந்து, ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதியிருக்கும் இன்னொரு ஃபங்ஷனைக் காட்டி, இதை இங்கே எழுதக்கூடாது என்கிறது. இத்தனை வருடம் சத்தமில்லாமல் கம்பைல் ஆன நிரல். பழைய ஜிசிசி 4.2.1 பாட்டுக்கு ஓர் ஓரமாக இருந்திருக்கலாமே, ஏன் எடுத்தார்கள்?

பதில் 1:
ஓரமாக இருக்கவில்லை நண்பரே, அதுதான் சிக்கல். 4.2.1 வந்தது 2007 ஜூலையில். அடுத்த வெளியீட்டிலிருந்து உரிமம் ஜிபிஎல் 3 ஆகிவிட்டது, அதை அடிப்படை சிஸ்டத்துக்குள் கொண்டுவர ஃப்ரீபிஎஸ்டிக்கு விருப்பமில்லை, அதனால் கம்பைலர் அங்கேயே உறைந்துவிட்டது. அதற்கு சி++ மொழியின் 2011 தரமான சி++11 தெரியாது. 2014-இல் 10.0 வந்தபோதே இன்டெல், ஏஎம்டி பெட்டிகளில் கிளாங்தான் இயல்பு. ஆனாலும் மற்ற சில ப்ராசசர் கட்டமைப்புகளுக்காக, உள்ளே எதைத் தொட்டாலும் பழையதிலும் கம்பைல் ஆகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில்தான் எடுத்தார்கள். ஆறு வருடம் காத்திருந்திருக்கிறார்கள், அவசரப்பட்டார்கள் என்று சொல்லவே முடியாது.

பதில் 2:
எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சன் பெட்டிகளின் ப்ராசசர் வகையான ஸ்பார்க்64-க்கான ஆதரவும் அதே மாதம் போனது. என் சன் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சரி, அதைக் கிளாங்குக்கு மாற்றும் வேலையை முடிக்க ஆள் வரவில்லை, நானும் போகவில்லை.

பதில் 3:
இன்றைக்கே ஓட வேண்டுமென்றால் பேக்கேஜிலிருந்து புது ஜிசிசியைப் போடுங்கள், உள் ஃபங்ஷனை அது இன்னமும் ஏற்கும். ஆனால் அதன் முகவரியை எங்காவது அனுப்பினால் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியிலேயே நிரல் ஓட அனுமதி வேண்டும், அது பாதுகாப்புக்கு நல்லதல்ல. வரிசைப்படுத்தும் க்யூசார்ட் ஃபங்ஷனுக்கு அனுப்பத்தானே எழுதியிருக்கிறீர்கள்? உள் ஃபங்ஷனை வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு மதிப்பையும் ஏற்கும் க்யூசார்ட்_ஆர் பயன்படுத்துங்கள். ஒன்று கவனம்: 13-இல் நாம் கொடுக்கும் கூடுதல் மதிப்பு ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு முதலில் வரும், லினக்ஸில் கடைசியில்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், க்யூசார்ட்டுக்குத்தான். மாற்றிவிட்டேன், ஓடுகிறது, மிக்க நன்றி. அப்புறம், கிளாங் தானாகவே ஓர் எச்சரிக்கை காட்டியது: சென்சார் பிழையைச் சோதிக்கும் இஃப் வரியில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சோதனை ஒரு நாளும் வேலை செய்திருக்காது. பழைய பதிவுகளை எல்லாம் இனி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.